கொவாரிக் கார்டின் பின்பக்கம்

வீலிங், மேற்கு வர்ஜீனியா
19 மார்ச் 1998

லொரெய்ன்,

போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இருபத்தொரு வருடக் குடித்தனத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்த சீட்டுகளைக் கணக்கில் சேர்க்க முடியாது.

நீ என் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்த மெர்ல் டாகெட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். கடை எல்லாம் இல்லை. வீட்டு கேரேஜில்தான் வியாபாரம். நல்ல மனிதர்தான். என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப் போய்விட்டார்.

"உங்க வீட்டம்மா போன் பண்ணி, 'பதினோரு பெட்டி ஃபுட்பால் கார்டு இருக்கு, இன்னைக்கே வந்தா எடுத்துக்கோ, நாளைக்குன்னா குப்பை வண்டியில போட்ருவேன்'னாங்க. நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார்.

அவரைக் குறை சொல்லவில்லை. உன்னையும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து சேர்த்தவை அவை. போகட்டும். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். 1957-ஆம் வருடத்து அல் கொவாரிக், அந்த ஆட்டக்காரன் படம் போட்ட கார்டு. க்ளீவ்லண்டில் இரண்டு வருடம் ஆடிவிட்டு, முழங்கால் போய் வீட்டுக்குத் திரும்பிய ஆள். யாரும் தேடி வாங்குகிற கார்டு அல்ல. ஆனால் அதன் பின்பக்கம் நம் நாடின் பென்சிலால் எழுதியிருக்கிறாள். ஒன்பது வயதில் எழுதியது.

மெர்ல் அந்த வருடத்துக் கார்டுகளை மொத்தமாக பிட்ஸ்பர்க்கில் ஒருவருக்கு விற்றுவிட்டார். பின்பக்கத்தை அவர் பார்க்கவில்லையாம். பெட்டியைக் கொடுக்கும் முன் நீ பார்த்தாயா? பென்சில் எழுத்து ஏதும் கண்ணில் பட்டதா?

ஃபேக்டரியிலிருந்து கூப்பிட்டால் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல். பொய்யும் அல்ல.

டெல்


மாசிலன், ஒஹையோ
25 மார்ச் 1998

டெல்,

நான் எந்தக் கார்டையும் பார்க்கவில்லை. பெட்டிகளைப் படியில் இறக்கி வைத்தேன். அந்த ஆள் ஏற்றிக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

நீ குறை சொல்லவில்லையாம். பெரிய மனது. நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

டிசம்பர் ஆறாம் தேதி, சாலையில் பனி உறைந்து கிடந்த காலையில், முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்துகொண்டிருந்த நம் பெண் கார் உருண்டு மருத்துவமனையில் நாலு மணி நேரம் உயிரோடு இருந்தாள். நீ கொலம்பஸில் கார்டு சந்தையில் இருந்தாய். சந்தை நடந்த ஓட்டலுக்கு நான் நாலு முறை போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் நாலு முறையும் ஒரே பதிலைச் சொன்னாள்: "மைக்ல பேர் சொல்லிக் கூப்பிட்டோங்க. அவர் வரல."

நாலாவது முறை அவளும் அழுதுவிட்டாள். யாரோ ஒரு பெண். அவள் அழுதாள்.

அந்தப் பெட்டிகளோடு ஒரே வீட்டில் நான் எப்படி இருப்பது? பிப்ரவரி வரை இருந்ததே அதிகம்.

உன் ஃபோர்மன் இரண்டு முறை கூப்பிட்டார். "டெல் எப்பம்மா வருவான்? இடத்த எத்தனை நாள் காலியா வச்சிருக்கிறது?" என்றார். தெரியாது என்றேன். உனக்காகப் பொய் சொல்ல என்னால் முடியாது.

அந்தக் கார்டில் என்ன எழுதியிருந்தது?

லொரெய்ன்


பிட்ஸ்பர்க்
6 ஏப்ரல் 1998

லொரெய்ன்,

மைக்கில் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. எத்தனை முறை சொல்வது? அந்த ஹாலில் நானூறு பேர். ஒரே இரைச்சல். கேட்டிருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா?

இங்கே வந்து இரண்டு வாரமாகிறது. வார வாடகை அறை. பிட்ஸ்பர்க் ஆள் அந்த வருடத்துக் கார்டுகளைப் பிரித்து, நல்லதையெல்லாம் தரம் போட அனுப்பிவிட்டானாம். நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். கம்பெனிக்கு அனுப்பினால் பூதக்கண்ணாடியில் பார்த்து ஒன்றிலிருந்து பத்துவரை ஒரு எண் போட்டு, திறக்க முடியாதபடி பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். எண் ஏற ஏற விலை ஏறும். பின்பக்கம் பென்சில் எழுத்து இருந்தால் எண் தரையைத் தொடும். அதனால்தான் அவசரப்படுகிறேன். எவனாவது அதைப் பார்த்தால் முதலில் செய்யப்போவது அழிப்பதுதான்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவள் அதை எழுதியது 1987 கோடையில். நான் கேரேஜில் கார்டுகளை மேசைமேல் பரப்பிவிட்டு ஒரு நிமிடம் உள்ளே போனேன். திரும்பி வந்தால் என் நாற்காலியில் முழங்காலிட்டு, நாக்கை நீட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் போட்ட சத்தத்தில் பென்சிலைக் கீழே போட்டாள். "முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாம இருந்துச்சு! உன் கை பட்டதும் நாசமாப் போச்சு!" என்று கத்தினேன். அவள் அழவில்லை. "சாரிப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு பத்து வருடம் என் கார்டு மேசைப் பக்கமே அவள் வரவில்லை. கவனித்திருக்கிறாயா? சாப்பிடக் கூப்பிட வந்தால்கூட வாசலில் நின்றுதான் கூப்பிடுவாள்.

அந்தக் கார்டைப் பெட்டியின் அடியில் போட்டேன். அதன் பிறகு எடுக்கவே இல்லை. இப்போது அது என் கையில் வேண்டும். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

என்ன எழுதியிருந்தது என்பதை நேரில் சொல்கிறேன்.

டெல்


மாசிலன்
14 ஏப்ரல் 1998

டெல்,

எழுத்து வேண்டும் என்றால் வீட்டுக்கு வா. அவள் அறையில் ஒரு அலமாரி நிறைய நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதல் வருடம் வரை எதையும் அவள் தூக்கிப் போடவில்லை. உன்னைப் போலத்தான், சேர்த்து வைக்கிற புத்தி. உனக்கு எழுதிய பிறந்தநாள் வாழ்த்துகள் மட்டும் பதினாலு இருக்கின்றன. நீ அவற்றைப் பார்க்க வரவில்லை. ஊர் ஊராக ஒரே ஒரு கார்டைத் தேடுகிறாய். அது கிடைக்காதவரை இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க வேண்டாம், அல்லவா? எனக்குப் புரியாது என்று நினைத்தாயா?

நான் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போகாமல் மூன்று வாரமாகிறது. பிள்ளைகள் தட்டை நீட்டினால் பார்க்க முடியவில்லை. என் அக்கா கெர்ட் தினமும் ஏதாவது சமைத்து எடுத்து வருகிறாள். "ஒரு வாய் சாப்பிடுடி, என் கண்ணு முன்னாடி சாப்பிடு" என்று உட்கார்ந்திருப்பாள். அவள் போனதும் நாய்க்குப் போடுகிறேன். நாடின் தலையணையில் இருந்த வாசனை போய்விட்டது. மார்ச் வரை இருந்தது.

நேற்று அவள் கார் உருண்ட வளைவு வரை காரில் போனேன். பனியெல்லாம் இல்லை, வெயில்தான். வேகத்தைக் குறைக்காமல் போனால் என்ன என்று தோன்றியது. குறைத்துவிட்டேன். ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. கெர்ட்டிடம் சொன்னால் சாவியை ஒளித்து வைத்துவிடுவாள்.

வீட்டுக்கு வா, டெல். உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் தீரவில்லை. இருந்தாலும் வா. இங்கே வந்து கோபத்தை வாங்கிக்கொள்.

என்ன எழுதியிருந்தது என்று இன்னொரு முறை கேட்கிறேன். ஞாபகம் இருந்தால் ஒரு வரிதானே, எழுத வேண்டியதுதானே.

லொரெய்ன்


பிட்ஸ்பர்க்
4 மே 1998

லொரெய்ன்,

உன் கடிதம் வந்ததும் கெர்ட்டுக்குப் போன் செய்தேன். சாவியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். திட்டாதே.

வந்துவிடலாம் என்று பையைக் கட்டினேன். சத்தியமாகக் கட்டினேன். அப்போதுதான் தகவல் வந்தது. அந்தக் கொவாரிக், தரம் போட்டு, இண்டியானாவில் ஃபோர்ட் வேனில் வெண்டல் ப்ரூஸ்ட் என்பவரிடம் இருக்கிறதாம். வருகிற சனிக்கிழமை அங்கே சந்தை. அது என்னுடையதுதானா என்பது பார்த்த நொடியில் தெரிந்துவிடும். கொவாரிக்கின் காதுக்குக் கீழே கடுகளவு ஒரு நீலப் புள்ளி, அச்சில் விழுந்த பிழை. இடது மேல் மூலை மழுங்கியிருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் சொல்வேன்.

இன்னும் ஒரே வாரம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன். அதுவரை கெர்ட்டைக் கூடவே வைத்துக்கொள்.

டெல்


ஃபோர்ட் வேன் சிறை
12 மே 1998

லொரெய்ன்,

கெர்ட் சொல்லியிருப்பாள். என் வாயாலும் நீ கேட்க வேண்டும்.

சந்தை திறந்ததும் முதல் ஆளாகப் போனேன். வெண்டல் ப்ரூஸ்ட் எழுபது வயதுக்காரர். தொப்பி, சட்டைப் பையில் மூன்று பேனா. கண்ணாடிப் பெட்டியில் இரண்டாவது வரிசையில் இருந்தது. நீலப் புள்ளி. மழுங்கின மூலை. அதேதான், லொரெய்ன்.

"அந்தக் கொவாரிக்கைக் கொஞ்சம் பாக்கலாங்களா?"

"தாராளமா. இத்தனை வருஷத்துல கொவாரிக்கைக் கேட்ட முதல் ஆள் நீதான்ப்பா. சொந்தக்காரனா?" என்று சிரித்தார்.

திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஒரு கோடு இல்லை. மேலே ஆறு என்று எண்.

"பின்னாடி எழுத்து இருந்துச்சே" என்றேன்.

"என்ன எழுத்து? பின்னாடி பளிச்சுன்னுதான் வந்துச்சு."

"பென்சில் எழுத்து. ஒரு குழந்தை எழுதினது. நீதானே அழிச்ச?"

"இங்க பாரு தம்பி, நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு கார்டுலகூட நான் அழிரப்பர் வச்சதில்ல. யாருகிட்ட வேணா கேளு."

"பொய் சொல்லாத."

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? ஆஃப்டரால் கொவாரிக்!"

அந்தப் பேரை அப்படிச் சொன்னதுதான். மேசைக்கு மேலே கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். நாற்காலியோடு பின்னால் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் மனைவி என்னைப் பார்த்து, "அவருக்கு இதய நோய் இருக்கு, அவருக்கு இதய நோய் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அதை மட்டும் சொன்னாள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று வக்கீல் சொல்கிறார். நான் எத்தனை மாதம் உள்ளே இருப்பேன் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. நாடின் எழுதியதை அந்தக் கிழவன் ஒரு எண்ணுக்காக அழித்துவிட்டான். இனி உலகத்தில் அது எங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வரச் சொன்னாய். வந்திருக்க வேண்டும்.

டெல்


மாசிலன்
16 மே 1998

டெல்,

அழித்தது அவர் இல்லை. நான்.

இதை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை நிறுத்தாமல் எழுதி, கெர்ட் கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன்.

எதையும் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். மெர்ல் டாகெட் வருவதற்கு முன் எல்லாப் பெட்டிகளையும் சமையலறை மேசையில் வைத்துத் திறந்தேன். நாடினைவிட, என்னைவிட, இவற்றில் அப்படி என்ன இருந்தது என்று பார்க்கத்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு பெட்டியின் அடியில் அது இருந்தது. அவள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கத்திய அன்று அவள் என்னிடம்தான் வந்தாள். உன் முன்னால் அழாதவள் என் மடியில் விழுந்து அழுதாள். எதற்காக எழுதினாள் என்றும் சொன்னாள். உன்னிடம் நான் சொல்லவில்லை. "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்று கேட்டுக்கொண்டாள்.

கையில் வைத்துப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: என்றைக்காவது நீ இதை எடுத்துப் படிப்பாய். படித்தால் அவள் உன்னை மன்னித்துவிட்ட மாதிரி ஆகிவிடும். நீ அழுவாய், அழுது தீர்ப்பாய், உனக்கு லேசாகிவிடும். ஓட்டல் பெண் நாலு முறை சொன்ன 'அவர் வரல' எனக்கு மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை என்னால் தாங்க முடியவில்லை. நாடினுடைய பழைய பென்சில் பெட்டியிலிருந்த அழிரப்பரை எடுத்து வந்து அழித்தேன். அவசரப்படவில்லை. காகிதம் உரியாமல், எழுத்து எழுத்தாக அழித்தேன். ஊதிவிட்டுப் பெட்டியில் வைத்தேன்.

இப்போது ஒரு வயதான மனிதர் இடுப்பு உடைந்து கிடக்கிறார். நீ சிறையில் இருக்கிறாய். முதல் கடிதத்திலேயே நீ என்னைக் கேட்டாய். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் நீ ஃபோர்ட் வேனுக்குப் போயிருக்கவே மாட்டாய்.

நீ என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமலும் இரு.

லொரெய்ன்


ஃபோர்ட் வேன் சிறை
24 மே 1998

லொரெய்ன்,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. முதல் நாள் உன்னை வெறுத்தேன். மறைக்கவில்லை. இரண்டாம் நாளும் வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. இந்த அறையில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆகவே நானும் சொல்கிறேன்.

அன்று ஓட்டலில் மைக்கில் என் பேரைக் கேட்டேன். முதல் முறையே கேட்டது. "டெல்பர்ட் ஹுடாக், வரவேற்பறைக்கு வரவும்." நான் ஒரு கார்டைக் கையில் வைத்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பால் வாங்கி வரச் சொல்லத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் கேட்டது. பக்கத்தில் நின்றவன், "உன்னைத்தான் கூப்பிடுறாங்க போல" என்றான். "இருக்கட்டும், என் பொண்டாட்டிதான்" என்றேன். அந்தக் கார்டை வாங்கக்கூட இல்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. பாதிரியாரிடமும் இல்லை.

இன்னொன்று. கொவாரிக்கில் அவள் என்ன எழுதினாள் என்று நீ கேட்டாய். நேரில் சொல்கிறேன் என்று தள்ளிப் போட்டேன். எனக்குத் தெரியாது, லொரெய்ன். நான் அதைப் படிக்கவே இல்லை. பென்சில் கோடு தெரிந்ததும் ரத்தம் தலைக்கேறிவிட்டது, பிடுங்கிப் பெட்டிக்குள் எறிந்துவிட்டேன். பத்து வருடத்தில் ஒரு நாளாவது எடுத்துப் பார்த்திருக்கலாம். அவள் போன பிறகாவது பார்த்திருக்கலாம். அப்போது கேரேஜுக்குள் நுழையவே பயமாக இருந்தது. ஊர் ஊராக அலைந்தது அதைப் படிக்கத்தான்.

இப்போது அதைப் படித்தவள் நீ ஒருத்திதான் மிச்சம். சொல்வாயா? சொல்ல வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் அதையும் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு அந்த உரிமை உண்டு.

டெல்


மாசிலன்
2 ஜூன் 1998

டெல்,

உன் கடிதத்தைப் படித்ததும் அதை அடுப்பில் போடத்தான் எழுந்தேன். மைக்கில் கேட்டது என்று நீ எழுதியிருக்கிறாய். ஆறு மாதமாக நான் நினைத்தது சரி. சரியாக இருந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. பிறகு பாத்திரம் கழுவினேன், எல்லாவற்றையும், சுத்தமாக இருந்தவற்றையும்.

சனிக்கிழமை கெர்ட் ஓட்ட, ஃபோர்ட் வேன் மருத்துவமனைக்குப் போனேன். வெண்டல் ப்ரூஸ்ட்டைப் பார்த்தேன். யாரென்று சொன்னதும் அவர் மனைவி எழுந்து நின்றுகொண்டாள். அவர் அவளை உட்காரச் சொன்னார்.

"தள்ளிவிட்டது அவன். வந்து நிக்கிறது நீயாம்மா?"

"அழிச்சது நான்தாங்க. உங்க மேல பழி விழுந்துடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நடந்ததை முழுதாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"கேஸை நான் வாபஸ் வாங்க மாட்டேன்" என்றார். "இடுப்பு என்னுது. இனிமே கோல் இல்லாம நடக்க முடியாதுங்கறாங்க."

"வாங்கச் சொல்லி நான் கேட்கலைங்க."

"நான் அழிக்கலைன்னு அவனுக்குத் தெரிஞ்சாச்சா?"

"தெரிஞ்சாச்சு."

"அது போதும். நாப்பது வருஷம்மா. ஒரு கார்டுல கை வச்சதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னதான் எழுதியிருந்தா உன் பொண்ணு?"

சொல்லவில்லை. இன்னொருத்தருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்றேன். தலையாட்டினார்.

நாடின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். அதனால் ஆவதற்கு ஒன்றுமில்லை. அவள் அன்று என்னிடம் சொன்னதையே எழுதுகிறேன். அந்தக் கோடையில் நீ ஒவ்வொரு கார்டாகத் தூக்கிப் பார்த்து, 'நன்று', 'சுமார்' என்று துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாய். அப்போது தரம் போடக் கம்பெனியெல்லாம் உனக்குத் தெரியாது. அவள் மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். கொவாரிக்கை எடுத்து, "மூலை மட்டும் நல்லா இருந்தா இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். யாரும் இதை 'மிக நன்று'ன்னு சொல்ல மாட்டாங்க" என்று நீ வருத்தப்பட்டாயாம். எழுந்து தண்ணீர் குடிக்க உள்ளே போனாய். அவள் உன் நாற்காலியில் ஏறினாள். சீட்டில் எழுதினால் தொலைந்துவிடும் என்று கார்டிலேயே எழுதினாளாம்.

மூன்று வரி. ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதை நான் திருத்தி எழுதுகிறேன்:

மிக நன்று.
மூலை பரவாயில்லை, நான் பார்த்தேன்.
சோதித்தவர்: நாடின் ஹுடாக், வயது 9.

இதைப் படித்துவிட்டு நீ அழுவாய் என்று தெரியும். அழு. உனக்கு லேசாகிவிடுமோ என்ற பயம் எனக்கு இப்போது இல்லை. ஆகாது. எனக்கு ஆகவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஒரு மணிக்குப் பார்வையாளர் நேரம் என்று சிறையிலிருந்து போனில் சொன்னார்கள். வருகிறேன். உன்னைப் பார்த்ததும் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது, ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தாலும் வந்துவிடுவேன். என்னை உள்ளே விட வேண்டுமானால் பட்டியலில் என் பேரை நீ எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதிக் கொடு.

லொரெய்ன்